சால்வை இருக்கட்டும், கவிதையை வாசித்தீர்களா?

கேள்வி: எங்கள் தேயிலை எஸ்டேட் லைனில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வளர்ந்த பெண் ஒருவரின் முதல் கவிதைத் தொகுப்புக்கு, இளம் படைப்பாளிகளுக்கான பரிசு கிடைத்திருக்கிறது. வயது 23. அம்மா இன்றும் கொழுந்து பறிக்கப் போகிறார். ஊரே சேர்ந்து பாராட்டு விழா எடுக்கிறோம். ஆளுயர மாலை, கேடயம், மேடை நிறையப் பிரமுகர்கள் என்று பேச்சு ஓடுகிறது. அவரோ கூச்சப்படுகிறார். எப்படிச் செய்வது? லைன் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லும் கவிதைகளை மேடையில் தவிர்த்துவிடலாம் என்கிறார்கள் சிலர். சரியா?
- வாசகர் ஒருவர், பந்தலூர், நீலகிரி

பதில்: விழாவைக் கட்டாயம் எடுங்கள். கூச்சப்படுகிறார் என்பதற்காக விட்டுவிடாதீர்கள். சொந்த ஊர் கூப்பிட்டுப் பாராட்டுவதற்கு ஈடாக எந்தப் பரிசும் இல்லை.

ஆனால் முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். விழாக் குழுவில் இருக்கிற எல்லோரும் அந்தத் தொகுப்பை வாசித்துவிடுங்கள். புறநானூறு 208ஆம் பாட்டில் பெருஞ்சித்திரனார், குன்றும் மலையும் பல கடந்து அதியமான் நெடுமான் அஞ்சியிடம் வருகிறார். அவனோ அவரை நேரில் பார்க்காமலேயே பரிசிலைக் கொடுத்தனுப்பிவிடுகிறான். காணாமல் கொடுத்த பொருளை வாங்கிப் போக நான் வியாபாரப் பரிசிலன் இல்லை, தினையளவே ஆனாலும் தகுதி அறிந்து கொடுத்தால் அதுவே இனிது என்கிறார் புலவர். கவிதையைப் படிக்காமல் போடும் சால்வையும் காணாமல் கொடுத்த பரிசில்தான்.

கோத்தகிரியில் ஓர் இளைஞருக்கு நடந்த விழாவுக்குப் போயிருந்தேன். சால்வைக்கு மேல் சால்வை விழுந்து பையனின் காது வரை மூடிவிட்டது. பேச வந்த ஒவ்வொருவரும் 'கவிஞர்' என்றார்கள், அவருடைய ஒரு வரியைக்கூட யாரும் சொல்லவில்லை. ஒருவர் புத்தகத்தின் பெயரையே மாற்றிச் சொன்னார். கடைசியில் அவர் கையில் மைக் வந்தபோது, கடைசி பஸ்ஸுக்கு நேரமாகி பாதிக் கூட்டம் எழுந்துவிட்டது. எனக்கு மனசு ஆறவே இல்லை.

உங்கள் விழாவில் அவர்தான் முதலில் பேச வேண்டும். அரை மணி நேரம் கொடுங்கள், ஏழெட்டுக் கவிதை வாசிக்கட்டும். அப்புறம் ஊரில் மூன்று பேர், ஆளுக்கு ஒரு கவிதையை எடுத்துக்கொண்டு அது ஏன் பிடித்தது என்று சொல்லட்டும். அதில் ஒருவர் கொழுந்து பறிக்கிறவராக இருந்தால் ரொம்ப நல்லது. பிரமுகர்கள் இரண்டு பேர் போதும். அம்மாவை முன்வரிசையில் விருந்தினர் மாதிரி உட்கார வைக்காமல், மகள் பக்கத்தில் மேடையில் உட்கார வையுங்கள். கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்த அந்த விரல்களால் புத்தகத்தின் முதல் பிரதியைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்றுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும், தோட்டத்துக்கு லீவு. மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கி ஐந்துக்குள் முடித்துவிடுங்கள். உங்கள் பக்கம் இருட்டினால் யானை நடமாட்டம், நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வேண்டவே வேண்டாம். தகரக் கூரையில் மழை அடித்தால் கவிதை யார் காதிலும் விழாது.

மாலைக்கும் கேடயத்துக்கும் வைத்திருக்கும் பணத்தில் புத்தகம் வாங்குங்கள். அவர் படித்த பள்ளிக்கும் பக்கத்துக் கிளை நூலகங்களுக்கும் ஊட்டி மாவட்ட மைய நூலகத்துக்கும் கொடுங்கள். மிச்சத்தை ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போய்வர அவர் கையில் கொடுங்கள். சாகித்ய அகாதெமியின் யுவ புரஸ்கார் பற்றியும் அவருக்குச் சொல்லி வையுங்கள். 2011 முதல் கொடுக்கிறார்கள். 35 வயதுக்குள் இருப்பவர்களுக்கு, 50,000 ரூபாயும் செப்புப் பட்டயமும். அவருக்கு இன்னும் காலம் இருக்கிறது.

லைன் வீட்டுக் கவிதைகளைத் தவிர்ப்பதா? கூடவே கூடாது. இலங்கைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்பச் செய்த 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்தார்கள் எத்தனையோ குடும்பங்கள். அவர்களுக்கு வேலை கொடுக்க வளர்ந்ததுதான் டான்டீ என்கிற தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம். அந்த வாழ்க்கையை வெளியிலிருந்து வந்து பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். லைனிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண் எழுதும்போது, ஒழுகும் கூரையும் பொதுக் குழாய்ச் சண்டையும் வரத்தான் செய்யும். பரிசு கொடுத்தவர்கள் அவற்றையும் படித்துத்தானே கொடுத்தார்கள்? ஊர் மானம் போகும் என்பவர்களிடம் புத்தகத்தைக் கொடுத்து முழுக்கப் படிக்கச் சொல்லுங்கள். எதை வாசிப்பது என்பதை அவரே முடிவு செய்யட்டும். பட்டியலை முன்கூட்டிக் கேட்கக்கூட வேண்டாம்.