எல் நினோ ஆண்டில் ஆடிப்பட்டக் கடலை விதைக்கலாமா?

கேள்வி: எங்களுடையது செம்மண் நிலம். ஆடிப்பட்டத்தில் நான்கு ஏக்கரில் மானாவாரியாக நிலக்கடலை விதைப்பது வழக்கம். இவ்வாண்டு எல் நினோ வருவதால் மழை குறையும் என்று செய்தியில் சொல்கிறார்கள். எங்கோ இருக்கும் கடல் சூடானால் நம் மழை எப்படிக் குறையும்? விதைக்கலாமா, நிலத்தைத் தரிசாகப் போட்டுவிடலாமா?

பதில்: விதைக்கலாம், ஆனால் நான்கு ஏக்கருக்கும் கடலையை மட்டுமே நம்ப வேண்டாம் என்பது என் கருத்து.

பசிபிக் பெருங்கடலில் நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிழக்கிலிருந்து மேற்காக வீசும் வணிகக் காற்று, கடலின் மேல்மட்ட வெந்நீரை இந்தோனேசியப் பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பதால், அங்கே காற்று சூடேறி மேலெழுந்து பெருமேகங்களாகத் திரள்வது வழக்கம். எல் நினோ ஆண்டில் இந்தக் காற்று தளர்ந்து, வெந்நீர் நடுப் பசிபிக்கிலும் அதன் கிழக்கிலும் பரவுகிறது. காற்று மேலெழும் இடமும் கூடவே கிழக்கே நகர்ந்துவிட, அதற்கு ஈடாக இந்தோனேசியாவிலும் இந்தியப் பகுதியிலும் காற்று கீழிறங்குகிறது. கீழிறங்கும் காற்றில் மேகம் உயர்ந்து வளராது. நடுப் பசிபிக்கின் வெப்பநிலை இயல்பைவிட 0.5 டிகிரி செல்சியஸ் கூடிச் சில மாதங்கள் நீடித்தாலே எல் நினோ என்கிறார்கள். அரை டிகிரிதானே என்று தோன்றலாம். ஆனால் அளவெடுக்கும் அந்தக் கடற்பரப்பு 5,000 கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது.

இருந்தும் எல் நினோ வந்தாலே வறட்சி என்று முடிவுகட்ட முடியாது. 2002-இல் எல் நினோ மிதமாகவே இருந்தது. அவ்வாண்டு ஜூலையில் நாட்டின் மழை இயல்பில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. 1997-இல் மிகக் கடுமையான எல் நினோ இருந்தும் தென்மேற்குப் பருவமழை இயல்பாகவே பெய்தது. அவ்வாண்டு இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி சூடாகவும் சுமத்ராவை ஒட்டிய கிழக்குப் பகுதி குளிர்ந்தும் இருந்ததை இதற்கு ஒரு காரணமாகக் கூறுவர். இந்தியப் பெருங்கடல் இருமுனை எனப்படும் இந்த அமைப்பு, இப்படி மேற்கு சூடாகவும் கிழக்கு குளிர்ந்தும் உள்ள நேர்நிலையில் இருந்தால் நம் பருவமழைக்குத் துணைசெய்யும். ஆகவே எல் நினோச் செய்தியைப் படிக்கும்போது இருமுனை எந்த நிலையில் உள்ளது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வானிலை ஆய்வுத் துறை ஏப்ரலில் தரும் முன்னறிவிப்பைவிட மே இறுதியில் திருத்தித் தருவதே நம்பத்தக்கது. வசந்த மாதங்களில் பசிபிக்கின் போக்கைக் கணிப்பது எவருக்கும் கடினம்.

தமிழ்நாட்டு மானாவாரி உழவருக்கு இன்னும் இரண்டு செய்திகள் முக்கியம். நாட்டின் நடுப்பகுதியில் பருவமழை ஓய்ந்திருக்கும் நாட்களில் நம் உள் மாவட்டங்களில் மாலை நேர இடிமழை கூடுவதுண்டு; எனவே நாடு முழுவதற்குமான பற்றாக்குறைக் கணக்கை அப்படியே உங்கள் நிலத்துக்குப் பொருத்த வேண்டாம். காவிரிப் பாசனத்தாரின் நிலை வேறு: அவர்களுக்குக் குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் மழையே கணக்கு. அடுத்ததாக, எல் நினோ ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் நன்றாகவே பெய்கிறது. 2015 இறுதியில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது ஓர் எல் நினோ ஆண்டில்தான். (இதுவும் மாறாத விதியல்ல. எல் நினோவுக்கு நேர்மாறாக நடுப் பசிபிக் குளிரும் லா நினா நிலவிய 2021-இலும் இங்கு மிகையாகவே பெய்தது.)

உங்கள் கடலைக்கு நான் அதிகம் அஞ்சுவது இந்தப் பின்மழையைத்தான். 105 நாள் கொத்து ரக நிலக்கடலையை ஜூலை நடுவில் விதைத்தால் அக்டோபர் கடைசியில் பறிக்க வேண்டிவரும். விதைப்பு தள்ளிப்போகப் போக, அறுவடை அடைமழையில் மாட்டிக்கொள்ளும். கொத்து ரகங்களில் பெரும்பாலானவற்றுக்கு விதை உறக்கம் (முதிர்ந்த விதை சில காலம் முளைக்காமல் இருக்கும் தன்மை) இல்லாததால், ஈரம் நின்றால் காய் நிலத்திலேயே முளைத்துவிடும்.

ஆகையால் இரண்டரை ஏக்கரில் மட்டும் கடலையும் இடையிடையே துவரையும் விதைத்து, எஞ்சியதில் மூன்று மாதத்துக்குள் முடியும் சாமையோ தினையோ போடுங்கள். கோடை உழவைச் சரிவுக்குக் குறுக்கே ஓட்டிவையுங்கள். விதைக்கும் நாளை எல் நினோவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மழை பெய்த மறுநாள் மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் வெட்டி, அடிமண்ணைக் கையில் பிடித்துப் பாருங்கள்; உருண்டையாக நின்றால் விதைக்கலாம், உதிர்ந்தால் அடுத்த மழைக்குக் காத்திருங்கள். செவ்வாயும் வெள்ளியும் வரும் வேளாண் வானிலை அறிக்கையையும் உடன் பாருங்கள். ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சத்தை 40 முதல் 45 நாளுக்குள், மண்ணில் ஈரம் இருக்கும்போது மட்டுமே இட்டு மண் அணையுங்கள்.

ஜூலை முடிந்தும் விதைப்பு மழை கிடைக்கவில்லையெனில் இவ்வாண்டு கடலையை விட்டுவிடுங்கள். விதைக் கடலையை உடைக்காமல் காயாகவே பத்திரப்படுத்தி, புரட்டாசி ஈரத்தில் கொள்ளு விதைக்கலாம். எல் நினோ ஆண்டில் அதற்குப் பின்மழை கிடைக்கும் வாய்ப்பும் கூடுதல்.