ஸ்காட்லாந்தின் ‘ஃபேஷ்’ என்பது என்ன?

‘ஃபேஷ்’ என்பது ஸ்காட்லாந்தின் பழைய மொழிகளில் ஒன்றான கேலிக்கில் (Gaelic) விழா என்று பொருள்படும் சொல்; நடைமுறையில் அது, ஊர்க்காரர்களே முன்னின்று பிள்ளைகளுக்கு ஃபிடில் (வயலின்), அக்கார்டியன், பாட்டு, நடனம் ஆகியவற்றைச் சில நாட்கள் தொடர்ந்து கற்பிக்கும் முகாமாகும். தீவின் பிள்ளைகள் தங்கள் மண்ணின் இசையைக் கற்க வாய்ப்பின்றி வளர்கிறார்களே என்ற கவலையால், 1981-இல் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள பாரா தீவில் இது தொடங்கியது. பாடம் பெரும்பாலும் செவிவழியாகவே நடக்கும். புத்தகத்தைப் பார்க்காமல், அம்மாவின் அருகில் நின்று ரசம் வைக்கப் பழகுவதைப் போன்றது அது.

பாராவைப் பார்த்து இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட ஊர்களில் இது நடக்கிறது. ஆனால், இதில் பயின்றவர்கள் தொழில்முறைக் கலைஞர்களாகி, பின்னர் ஆசிரியர்களாகத் திரும்பி வருவதையே இதன் ஆழமான விளைவாகக் கருதுகிறேன்.

கேலிக் கலைப் போட்டிகளுக்குப் பெயர்பெற்ற ‘மோட்’ விழாவோடு இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஃபேஷ் போட்டியன்று, கற்றலுக்கான கூடல்.