ஒரு பொம்மை, நாற்பது மாணவர்: அவசர சிகிச்சையை எப்படிப் பழக்குவது?

“எங்களிடம் இருப்பது இடுப்புக்கு மேல் மட்டும் உள்ள ஒரு சிபிஆர் (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தும் முதலுதவி) பொம்மை. நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் காட்டும் மொனிட்டர் இல்லை. மாணவர் நாற்பது பேர். பாவனைப் பயிற்சியை (நிஜம்போல் நடித்துப் பழகுவதை) இதை வைத்து நடத்தலாமா?” என்று மட்டக்களப்பிலிருந்து ஒரு தாதியப் போதனாசிரியர் கேட்டிருக்கிறார்.

தாராளமாக நடத்தலாம். கண் சிமிட்டி மூச்சுவிடும் விலைகூடிய பொம்மைக்காகக் காத்திருக்க வேண்டாம். இருக்கும் பொம்மையில் நெஞ்சழுத்தம் பழகட்டும்: நிமிடத்துக்கு 100–120 தடவை, 5–6 செ.மீ. ஆழம், 2 நிமிடத்துக்கொரு தடவை ஆள் மாற்றம். மெத்தையில் வைத்தால் மெத்தைதான் அமுங்கும்; தரையில் வையுங்கள். ஆனால் அவசர வேளையில் அதிகம் குழம்புவது யார் எதைச் செய்வது என்பதில். அதைப் பழக ஆட்களே போதும்.

உங்கள் பிரிவுக்கு வரக்கூடிய நோயாளியையே எடுங்கள். படுவான்கரை வயல் வட்டைக்குள் கண்ணாடி விரியன் கடித்த ஒரு விவசாயி. சக ஆசிரியர் ஒருவர் நோயாளியாகப் படுக்கட்டும். இன்னொருவர் கத்திக் குழறும் மனைவி. (மனைவியை விட்டுவிடாதீர்கள், பாதிக் குழப்பம் அவரால்தான்.) 2 மி.லீ. இரத்தத்தை உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைந்ததா என்று பார்ப்பது எல்லோருக்கும் பாடம். நேரத்தை யார் குறித்தார் என்று கேளுங்கள். குறித்திருந்தால் மட்டும் “20 நிமிடம் ஆச்சு” என்று அறிவியுங்கள்.

இரத்தம் உறையாததால் கொடுக்கும் விஷமுறிவு மருந்து ஏறத் தொடங்கியதும், அதற்கு ஒவ்வாமை வந்ததுபோல் நோயாளி சொறியட்டும், பிறகு மூச்சு இழுக்கட்டும். இரத்த அழுத்தம் 70/40 என்ற அட்டையை, மாணவர் உண்மையில் பட்டியைச் சுற்றி அளந்தால்தான் காட்ட வேண்டும். மருந்தை நிறுத்துதல், வைத்தியரை அழைத்தல், அவர் கட்டளைப்படி தொடையின் வெளிப்புறத் தசையில் அட்ரினலின் 0.5 மி.கி., ஒட்சிசன், சேலைன், கால்களை உயர்த்திப் படுக்கவைத்தல் எல்லாம் வருகிறதா? “யாராவது அட்ரினலின் போடுங்க” என்றால் ஒருவரும் போடமாட்டார். பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்டவர் மருந்தையும் அளவையும் திருப்பிச் சொல்ல வேண்டும். போட்டதும் நேரத்தோடு அறிவிக்க வேண்டும். ஊசி தலையணைக்குத்தான், ஆசிரியருக்கல்ல! பயிற்சி மருந்துக் குப்பிகளுக்குத் தனிப் பெட்டி, தனி லேபல். முடிந்ததும் எண்ணி எடுங்கள். அவை நோயாளர் விடுதியின் மருந்துத் தள்ளுவண்டிக்குள் போய்விட்டால் ஆபத்து.

ஒரு தடவைக்கு ஆறு பேர் நடிக்கட்டும். மற்றவர்களுக்குக் கவனிக்க ஒவ்வொரு வேலை: ஒருவர் நேரம், ஒருவர் கட்டளைகள், ஒருவர் கைகழுவல்.

காட்சி 10 நிமிடமென்றால் பின்னுரையாடலுக்கு 20 நிமிடம் ஒதுக்குங்கள். நம்மவர்கள் பெரும்பாலும் வெட்டுவது இதைத்தான். கற்றல் நடப்பதோ இங்கேதான். நடித்தவர்கள் முதலில் பேசட்டும். “ஏன் செய்யவில்லை?” என்றால் மாணவர் வாயை மூடிவிடுவார். “அந்த நேரம் என்ன கண்டீர்கள், என்ன நினைத்தீர்கள்?” என்று கேளுங்கள். புள்ளி போடாதீர்கள். கைபேசியில் எடுத்த வீடியோவைப் பார்த்ததும் அழியுங்கள். வட்ஸ்அப் குழுவுக்குப் போனால் அடுத்த தடவை ஒருவரும் முன்வரமாட்டார்.

அடுத்த வாரம் புதுக் காட்சி தேடாமல், இதே விவசாயியைப் பாத்திரங்களை மாற்றித் திரும்ப நடத்துங்கள்.