எடை கூடாத நிலையிலும் அம்மா அடிக்கடி விழுகிறார். தொப்பையைக் குறைத்தால் சரியாகுமா?

உங்கள் தாயாருக்கு 68 வயது, எடை பல ஆண்டுகளாக மாறவில்லை, கைகால்கள் மெலிந்து வயிறு மட்டும் பெருத்திருக்கிறது, இந்த ஆண்டில் இரண்டு முறை விழுந்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். முதியோருக்கான இயன்முறை சிகிச்சையில் பணிபுரிகிறேன். அவருடைய எடையைவிடக் கால்களின் வலிமையைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்பது என் கருத்து.

மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் குறைவதால், அதுவரை இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்துவந்த கொழுப்பு வயிற்றுக்குள் சேரத் தொடங்குகிறது. அதே காலத்தில் தசையும் கரைகிறது. ஒன்று கூடி மற்றொன்று குறைவதால் எடை அப்படியே நிற்க, வீட்டில் யாருக்கும் ஐயம் எழுவதில்லை. உள்ளுறுப்புகளைச் சுற்றிப் படியும் இந்தக் கொழுப்பு, அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரந்தும் இன்சுலினின் செயலை மந்தமாக்கியும் தசை புதுப்பிக்கப்படுவதைக் கெடுக்கிறது. தசை தளர்ந்தால் நடமாட்டம் குறையும். நடமாட்டம் குறைந்தால் வயிறு மேலும் பெருக்கும்.

கால் இடறும் கணத்தில், ஒரு நொடிக்குள் மற்றொரு காலை முன்னே வைத்து உடலைத் தாங்கியாக வேண்டும். இதற்குத் தேவையான, விரைவாகச் சுருங்கும் தசை இழைகளே முதுமையில் அதிகம் மெலிகின்றன. முன்தள்ளிய வயிறு உடலின் எடைமையத்தையும் முன்னே நகர்த்திவிடுவதால், தளர்ந்த கால்களுக்கு வேலை இன்னும் கூடுகிறது.

வீட்டிலேயே ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். சுவரோடு ஒட்டிப் போட்ட நாற்காலியிலிருந்து, கைகளை மார்பில் கட்டியபடி 5 முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் அருகிலேயே நில்லுங்கள். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால், முதுமைத் தசை இழப்பைக் கண்டறிய ஆசியர்களுக்கென 2019இல் வகுத்த வரையறையின்படி அவருடைய உடல் செயல்திறன் குறைந்திருக்கிறது. தெற்காசியப் பெண்களுக்கு வயிற்றின் சுற்றளவு 80 செ.மீ. எட்டினாலே வயிற்றுப் பருமன் என்று கொள்கிறார்கள்.

தொப்பையைக் குறைக்க அவரைப் பட்டினி போடாதீர்கள். உணவை மட்டும் குறைத்து இழக்கும் எடையில் கணிசமான பங்கு தசையாகவே போய்விடும். காலையில் இரண்டு இட்லி, மதியம் ரசம் சோறு, இரவில் கஞ்சி என்று முடித்துக்கொள்ளும் பாட்டிகளையே அதிகம் பார்க்கிறேன் (மற்றவர்களுக்குப் பரிமாறிய பின் மிஞ்சியதை உண்ணும் பழக்கம் வேறு). முதியோருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் பரிந்துரைக்கப்படுகிறது. முட்டை, மீன், சுண்டல், பருப்பு, தயிர் என்று மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்டபின் கொடுக்கலாம்.

நடைப்பயிற்சி நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது. நாற்காலியிலிருந்து எழுதல், சன்னல் கம்பியைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துதல், காலைப் பக்கவாட்டில் தூக்குதல் ஆகியவற்றை வாரம் மூன்று நாளாவது செய்து, எளிதாகும்போது எண்ணிக்கையையோ எடையையோ கூட்ட வேண்டும். வயதாகிவிட்டதே என்று தயங்க வேண்டாம்: அமெரிக்காவின் பாஸ்டனில் நடந்து 1990இல் வெளியான ஓர் ஆய்வில், 90 வயதை ஒட்டிய முதியோர் 8 வாரம் எடைப்பயிற்சி செய்ததில் அவர்களின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது.

இருமுறை விழுந்தவர் என்பதால், தொடங்குமுன் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இரத்த அழுத்த மாத்திரையோ தூக்க மாத்திரையோ தள்ளாட்டம் தருகிறதா, கண்புரை இருக்கிறதா, வைட்டமின் டி, பி12 குறைவா, எலும்பின் அடர்த்தி எவ்வளவு என்பவற்றை அவர் பார்ப்பார். தசை வலுப்பெற மாதங்கள் ஆகும் என்பதால், குளியலறைச் சுவரில் கைப்பிடியை இந்த வாரமே பொருத்திவிடுங்கள்.