கண்ணைப் பறிக்கும் கல் மேடை: பின்சுவருக்கு எந்த டைல்?

சமையல் மேடைக்கு நரம்போடிய கல் போட்டவர்களிடமிருந்து இந்த முறை நிறையக் கேள்விகள். மார்பிள், குவார்ட்சைட், கிரானைட், குவார்ட்ஸ் என்று கல் வேறு வேறாக இருந்தாலும் குழப்பம் ஒன்றுதான். கல் பார்த்ததும் பிடித்துப்போய் வாங்கியாயிற்று; இப்போது பின்சுவருக்கு எந்த டைலை வைத்துப் பார்த்தாலும் சேரவில்லை. ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்து, சுருக்கிப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் மேடைக்கல் வெள்ளை, சாம்பல், நடுவே தங்க நிற நரம்பு. அந்தத் தங்க நிறத்திலேயே டைல் எடுத்தால் பொருத்தமாக இருக்கும் என்கிறார் கடைக்காரர். எடுக்கலாமா?

வேண்டாம். கல்லில் கண்ணை முதலில் இழுக்கிற நிறத்தையே சுவருக்கும் கொடுத்துவிடுவதுதான் பெரும்பாலானவர்கள் எடுக்கும் முடிவு. பிறகு வருந்துவதும் அதற்குத்தான். அந்தத் தங்க நரம்பு ஸ்லாபில், அதாவது முழுக் கல் பலகையில், எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். மிகக் கொஞ்சம்தான் இருக்கும். கொஞ்சமாக இருப்பதால்தான் அது எடுப்பாகத் தெரிகிறது. சுவர் முழுக்க அதே நிறம் வந்துவிட்டால் பார்வை சுவருக்குப் போய்விடும். கல்லில் ஓடும் நரம்பு ஏதோ துருக்கறை போலத் தெரிய ஆரம்பிக்கும்.

சுவருக்கு எடுக்க வேண்டியது கல்லின் அடிநிறத்தை. நரம்பு, புள்ளி, சுழல் எல்லாவற்றுக்கும் கீழே அமைதியாக விரிந்திருக்கும் நிறம் அது. அதைக் கண்டுபிடிக்க, மேடையிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி நின்று கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். நரம்புகள் கரைந்து, ஒரே ஒரு நிறம் மிஞ்சும். அதுதான்.

அப்புறம் இன்னொரு வேலை இருக்கிறது. சாதாரண வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து, கல்லின் வெள்ளையான பகுதிமேல் வையுங்கள். இதுவரை வெள்ளை என்று நினைத்த இடம் தாளுக்குப் பக்கத்தில் வேறாகத் தெரியும். மஞ்சள் ஓடியிருக்கலாம், நீலம் ஓடியிருக்கலாம், சில கற்களில் லேசான பச்சையோ ரோஸோ இருக்கும். டைலும் அதே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். மஞ்சள் ஓடிய கல்லுக்குப் பின்னால் பளீர் வெள்ளை டைல் ஒட்டினால், டைல் பளிச்சென்று இருக்கும். கல் அழுக்குப் பிடித்தது போல ஆகிவிடும். "கல் நன்றாகத்தான் இருந்தது, டைல் ஒட்டிய பிறகு மங்கிவிட்டது" என்று வருகிற புகார்களில் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்.

தங்க நிறத்தை விட மனமில்லையா? குழாய், அலமாரிக் கைப்பிடி போன்ற சின்னப் பொருட்களுக்குக் கொடுங்கள். கல்லில் இருக்கும் அளவிலேயே அறையிலும் இருக்கும்.

கேள்வி: எனக்குப் பூ வேலைப்பாடு அச்சிட்ட டைல்கள் ரொம்பப் பிடிக்கும். கல்லிலும் பெரிய சுழல்கள் இருக்கின்றன. இரண்டையும் சேர்க்க வழியே இல்லையா?

நேராகச் சொல்லிவிடுகிறேன், சேர்க்காதீர்கள். கல்லின் வடிவம் எங்கே வளையும், எங்கே முடியும் என்று சொல்ல முடியாத வடிவம். அச்சு டைலோ ஒரே கட்டத்தைத் திரும்பத் திரும்பக் காட்டும். இரண்டும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு நிற்கும்போது கண் எங்கும் தங்காது. அடுப்புக்குப் பின்னால் மட்டும் ஒரு சதுரம் ஒட்டிக்கொள்ளலாம் என்றும் சிலர் யோசனை சொல்வார்கள். ஆர்ப்பாட்டமான கல்லுக்கு மேலே அந்தச் சதுரம் ஒட்டுப்போட்ட மாதிரிதான் இருக்கும்.

ஆனால் உங்களுக்குத் தட்டையான ஒற்றை நிறம் அலுப்பாக இருக்கிறது என்பது புரிகிறது. அதற்கு ஒரு நல்ல மாற்று உண்டு: நிறம் ஒன்றாகவே இருக்கட்டும், மேற்பரப்பு மட்டும் மாறட்டும். கையால் செய்த டைல்களில், மொராக்கோவின் செல்லிஜ் வகையில் குறிப்பாக, ஒவ்வொரு துண்டும் லேசாக மேடு பள்ளமாக இருக்கும்; மேலே பூசிய மெருகு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கும். காலையில் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது ஒரு துண்டு பளபளக்கும், பக்கத்துத் துண்டு அடங்கியிருக்கும். சுவரில் அசைவு இருக்கிறது, வடிவம் இல்லை. கல்லோடு அது சண்டைக்கு வராது. ஒரு எச்சரிக்கை, இந்த வகை டைலின் ஓரங்கள் நேராக இருக்காது. இதற்குமுன் அதை ஒட்டிப் பழகிய மேஸ்திரியாகப் பாருங்கள்.

அச்சு டைல்தான் வேண்டும் என்று மனம் உறுதியாக இருந்தால், கல்லை இன்னும் வெட்டவில்லை என்றால், கல்லை மாற்றுங்கள். அதில் தப்பே இல்லை. எது அதிகம் பிடிக்கிறதோ அதற்கு மற்றது வழிவிட வேண்டும்.

கேள்வி: டைல் அளவை எப்படி முடிவு செய்வது?

கல்லில் இருக்கும் வடிவத்தின் அளவைப் பாருங்கள். ஒரு நரம்பு மேடையின் ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை ஓடுகிறது என்றால், சின்ன டைல்கள் தைரியமாகப் போடலாம். பெரிய வடிவத்துக்குச் சின்னக் கட்டங்கள் பின்னணியாகிவிடும். பொடிப் புள்ளிகள் நெருக்கமாக இறைந்திருக்கும் கிரானைட் என்றால் நேர் எதிர்: பெரிய டைல், குறைந்த இணைப்புகள். பொடிப் புள்ளிக்குப் பின்னால் பொடி டைல் வந்தால் அறை முழுக்க நெளிவது போல இருக்கும்.

நடுத்தரமாக ஒன்று வேண்டும் என்றால் 3 அங்குலம் உயரம், 6 அங்குலம் நீளம் உள்ள சப்வே டைலைத் தாராளமாக எடுக்கலாம். நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்கள் 1904இல் திறந்தபோது சுவர்களில் ஒட்டிய வெள்ளை டைலின் வழி வந்தது அது. நூற்றாண்டு கடந்தும் அலுக்கவில்லை என்பதற்கு அதன் அடக்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன். செங்கல் கட்டுவது போல மாற்றி மாற்றி ஒட்டாமல், ஒன்றன் மேல் ஒன்றாக நேர்வரிசையில் அடுக்கிப் பாருங்கள். நரம்பு சாய்வாக ஓடும் கல்லுக்கு மேலே இந்த நேர்வரிசை இன்னும் அமைதியாக இருக்கிறது. மீன்முள் வடிவத்தில் ஒட்டுவதை மட்டும் தவிருங்கள். அந்தச் சாய்கோடுகள் கல்லின் சாய்வோடு மோதும்.

கேள்வி: டைல் இணைப்புகளில் நிரப்பும் க்ரௌட்டின் நிறத்தைப் பற்றி யாருமே சொல்வதில்லை. வெள்ளை டைலுக்கு வெள்ளை க்ரௌட்தானே?

நல்ல கேள்வி. டைலுக்கும் க்ரௌட்டுக்கும் நிற வித்தியாசம் அதிகமாக இருந்தால், சுவரில் இருப்பது ஒற்றை நிற டைலாக இருந்தாலும் கட்டம் கட்டமாகக் கோடுகள் எழும். வடிவம் வேண்டாம் என்று பார்த்துப் பார்த்து எடுத்த டைலில் க்ரௌட் ஒரு வடிவத்தைப் போட்டுவிடும். வெள்ளை டைலுக்குக் கறுப்பு க்ரௌட் எளிமையான கல்லுக்குச் சரி. உங்கள் கல்லுக்கு வேண்டாம்.

பளீர் வெள்ளை க்ரௌட்டையும் நான் சொல்ல மாட்டேன். அடுப்புக்குப் பின்னால் எண்ணெய்ப் பிசுக்கு படிந்து கொஞ்ச நாளில் இடத்துக்கு இடம் வேறு வெள்ளையாகிவிடும். டைலைவிட ஒரு படி மட்டும் அடர்ந்த நிறம் எடுங்கள். கல்லில் இருக்கும் மிக வெளிறிய சாம்பலோ மணல் நிறமோ பெரும்பாலும் சரியாக வரும். சிமென்ட் க்ரௌட் ஈரமாக இருக்கும்போது அடர்த்தியாகத் தெரியும், காய்ந்தால் வெளுக்கும். அதனால் பாக்கெட்டில் இருக்கும் நிறத்தையோ குழைத்த நிறத்தையோ நம்பாதீர்கள். மிச்ச டைல் இரண்டை அட்டையில் ஒட்டி, இணைப்பை நிரப்பி, முழுக்கக் காயவிட்டுக் கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள்.

இணைப்பு அகலம் 2 மில்லிமீட்டர் போதும், டைலின் ஓரம் நேராக இருந்தால். அடுப்புப் பக்கத்துக்கு, சிமென்டுக்குப் பதில் பிசினால் ஆன எபாக்ஸி க்ரௌட் நல்லது. அது எண்ணெயை உறிஞ்சாது, கறை ஏறாது. சீக்கிரம் இறுகிவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகப் பூசி உடனுக்குடன் துடைக்கத் தெரிந்தவர் செய்ய வேண்டும்.

கேள்வி: கண்ணாடி மொசைக் ஒட்டலாமா? கல்லில் உள்ள எல்லா நிறங்களும் அதில் இருக்கின்றன.

எல்லா நிறங்களும் இருப்பதுதான் சிக்கல். கல் ஏற்கெனவே சொன்னதை மொசைக் பொடிப்பொடியாகத் திரும்பச் சொல்லும். இணைப்புகளும் ஏராளம். கண்ணாடி பிடிக்கும் என்றால் ஒற்றை நிறத்தில் பெரிய துண்டாக எடுங்கள். ஒளி ஊடுருவும் கண்ணாடி டைல் என்றால் வெள்ளை நிறப் பசைதான் போட வேண்டும். சாம்பல் பசை பின்னாலிருந்து தெரியும்.

கேள்வி: கடையில் டைலும் கல்லும் அச்சாகப் பொருந்தின. வீட்டில் வைத்தால் வேறு வேறாகத் தெரிகின்றன. எப்படி?

இரண்டு பொருட்கள் ஒரு விளக்கில் ஒரே நிறமாகவும் இன்னொரு விளக்கில் வேறாகவும் தெரிவது உண்மையிலேயே நடப்பதுதான். கல்லின் நிறம் தாதுக்களால் வருகிறது, டைலின் நிறம் மெருகில் கலந்த சாயப்பொருளால் வருகிறது. இரண்டும் ஒளியைத் திருப்பி அனுப்பும் விதம் வேறு. கடையில் இருப்பது பெரும்பாலும் நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம். வீட்டில் 2700 கெல்வின் மஞ்சள் விளக்கு எரிந்தால் நிறங்கள் இடம் மாறும்.

அதனால் விளக்கை முதலில் முடிவு செய்யுங்கள், டைலைப் பிறகு. மேடைக்கு மேலே எரியும் விளக்கின் அட்டைப்பெட்டியில் சிஆர்ஐ என்று ஓர் எண் இருக்கும். 90க்கு மேல் இருந்தால் நிறங்கள் உள்ளபடி தெரியும்.

டைலைப் பார்க்கும் விதமும் முக்கியம். மேடைமேல் படுக்கவைத்துப் பார்க்கிறார்கள். சுவர் படுத்திருக்கப் போவதில்லையே! படுக்கவைத்த டைலில் மேலிருந்து வெளிச்சம் நேராக விழும், நிறுத்திய டைலில் விழாது. அதே டைல் நிறுத்தினால் ஒரு படி அடர்ந்து தெரியும். நாலைந்து டைல்களையாவது கடன் வாங்கி வந்து, சுவரோடு சாய்த்து நிறுத்தி, காலை, மதியம், விளக்கு போட்ட பிறகு என்று பாருங்கள்.

கேள்வி: பளபளப்பான டைலா, மேட் டைலா?

கல் பாலிஷ் செய்ததாக இருந்தால் என் ஓட்டு மேட்டுக்கு, அல்லது பாதிப் பளபளப்புக்கு. மேல் அலமாரிக்கு அடியில் எல்ஈடி பட்டை ஒட்டியிருப்பவர்கள் கவனமாக இருங்கள். மூடி இல்லாத பட்டை என்றால் ஒவ்வொரு விளக்குப் புள்ளியும் பாலிஷ் கல்லில் ஒரு வரிசையாகவும் பளபள டைலில் இன்னொரு வரிசையாகவும் தெரியும். நீங்கள் ஆசைப்பட்டு வாங்கிய நரம்பு அந்தப் புள்ளிகளுக்கு நடுவே காணாமல் போய்விடும். பால்நிற மூடி போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். மிகச் சொரசொரப்பான மேட் மட்டும் வேண்டாம், அடுப்புப் பக்கம் துடைப்பது கஷ்டம்.

கேள்வி: அதே கல்லையே சுவரிலும் ஏற்றிவிட்டால் தேர்வே தேவையில்லையே?

அழகான யோசனை, பட்ஜெட் இடம் கொடுத்தால். இணைப்பே இல்லாத சுவர், துடைப்பதும் எளிது. ஆனால் இதை ஸ்லாப் வெட்டுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். நரம்பு மேடையிலிருந்து சுவருக்கு ஏறுவது போல வெட்ட அதே ஸ்லாபின் அடுத்த பகுதி தேவை. மேடை வெட்டிய பிறகு வேறு ஸ்லாபிலிருந்து எடுத்தால் நரம்பு முறிந்து நிற்கும், அது டைலைவிட மோசம். அறை சிறியதாக இருந்தால் 4 அங்குலத்துக்குப் பட்டை மட்டும் ஏற்றி, மேலே டைல் ஒட்டுபவர்களும் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. கல், பட்டை, டைல் என்று மூன்று அடுக்காகச் சுவர் துண்டுபடுகிறது. முழுதாக ஏற்றுங்கள், இல்லையென்றால் மேடையிலிருந்தே டைலைத் தொடங்குங்கள்.

குவார்ட்ஸ் போட்டவர்களுக்கு: அதில் பிசின் கலந்திருக்கிறது, அதிகச் சூடு ஆகாது. கேஸ் அடுப்புக்கு நேர் பின்னால் அதை ஏற்றாதீர்கள்.

கேள்வி: எங்கள் கல் கன்னங்கறுப்பு, மின்னல் போல வெள்ளை நரம்பு. சமையலறையில் வெளிச்சம் குறைவு. வெள்ளை டைல் போட்டால் போதுமா?

போதும். நரம்பின் வெள்ளையோடு ஒத்துப்போகும் வெள்ளையாக இருக்கட்டும். இங்கே மட்டும் அடிநிறத்தை எடுக்க வேண்டாம், இருட்டு அறையில் கறுப்புச் சுவரும் சேர்ந்தால் மேடையே தெரியாது.

கேள்வி: கல் வருவதற்குள் டைலை வாங்கி வைத்துவிடலாமா? எது முதலில், எது பிறகு?

கல் முதலில். கையளவு மாதிரித் துண்டை வைத்து டைல் எடுக்காதீர்கள். அந்தத் துண்டில் இல்லாத ஒரு பழுப்புப் பட்டை உங்கள் ஸ்லாபின் நடுவே ஓடலாம். ஸ்லாபை நேரில் பார்த்து, வெட்டுக்கோட்டைக் குறித்து, தொட்டியும் அடுப்பும் எந்தப் பகுதியை விழுங்கும் என்று தெரிந்துகொண்ட பிறகு மிஞ்சுவதைத்தான் நீங்கள் தினமும் பார்க்கப் போகிறீர்கள். அதற்குத்தான் டைல்.

டைல் பெட்டியில் வி1 முதல் வி4 வரை ஒரு குறியீடு இருந்தால் பாருங்கள். வி1 என்றால் எல்லாத் துண்டும் ஒரே நிறம், வி4 என்றால் துண்டுக்குத் துண்டு நிறைய மாறும். ஆர்ப்பாட்டமான கல்லுக்கு வி1, வி2 பத்திரம். பத்து சதவீதம் கூடுதலாக, ஒரே தயாரிப்பு எண்ணில் வாங்குங்கள். பிறகு ஒரு பெட்டி குறைந்தால் அதே ஷேடு கிடைப்பது அரிது.

மேடை உட்கார்ந்த பிறகுதான் டைல் வேலை. கல்லும் சுவரும் சேரும் கோட்டில் க்ரௌட் நிரப்ப விடாதீர்கள். மேடையும் சுவரும் தனித்தனியாக அசையும், க்ரௌட் விரிசல் விட்டு அதன் வழியாகத் தண்ணீர் இறங்கும். க்ரௌட் நிறத்திலேயே சிலிக்கான் கிடைக்கிறது, அதைப் பூசச் சொல்லுங்கள். ஸ்விட்ச் போர்டின் மூடியும் டைல் நிறத்தில் இருக்கட்டும். சுவர் பெயின்ட் எல்லாவற்றுக்கும் கடைசியில்.