காரைக்குடி லீகில் சிறந்த கோச் விருதைக் கோப்பை வாங்கியவருக்கே கொடுத்துவிடலாமா?

கேள்வி: காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கத்து எட்டு அணிகளை வைத்து கால்பந்து லீக் நடத்துகிறோம். சீசன் கடைசியில் சிறந்த கோச், சிறந்த வீரர் விருது அறிவித்தால் ஒவ்வொரு முறையும் தகராறு. பேசாமல் கோப்பை வாங்கிய அணியின் கோச்சுக்கே கொடுத்துவிடலாமா? பெரிய லீக்குகளில் எப்படிச் செய்கிறார்கள்?

பதில்:

வேண்டாம். ஜெயித்த அணிக்குத்தான் கோப்பையே இருக்கிறதே. கோச் விருது வேறு. கையில் கிடைத்த ஆட்களை வைத்து அவர் எடுத்த முடிவுகளுக்கு உரியது அது. இரண்டையும் ஒன்றாக்கினால், நல்ல ஆட்களைச் சேர்த்த அணியின் கோச் தூங்கினாலும் விருது வாங்குவார்.

நம் ஊர்க் கணக்கே போதும். 2019-20 ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) சீசனில் சென்னையின் எஃப்.சி. தொடக்கத்தில் படுமோசமாக ஆடியது. கோச் ஜான் கிரிகரி விலகி, டிசம்பரில் ஓவன் கோய்ல் வந்தார். அடிமட்டத்தில் கிடந்த அதே அணியை இறுதிப் போட்டி வரை கொண்டுபோனார். அங்கே கொல்கத்தா அணியான ஏ.டி.கே.விடம் 3-1 தோல்வி. உங்கள் விதிப்படி கோய்லுக்கு ஒன்றும் கிடைக்காது. இங்கிலாந்து பிரீமியர் லீகில் 2013-14இல் கோப்பை மான்செஸ்டர் சிட்டிக்குப் போனது. சீசனின் சிறந்த மேனேஜர் விருதோ 11ஆம் இடத்தில் முடித்த கிரிஸ்டல் பேலஸின் டோனி புலிஸுக்கு. சீசன் நடுவில் வந்து, கீழே இறங்கப் போன அணியைக் காப்பாற்றியதற்காக.

எதிர்ப்பக்கமும் உண்டு. இந்தியாவின் இன்னொரு தேசிய லீகான ஐ-லீகில் 2018-19இல் அக்பர் நவாஸ் பயிற்சியளித்த சென்னை சிட்டி 43 புள்ளியோடு சாம்பியன். ஈஸ்ட் பெங்கால் 42. கடைசி நாளில் கோயம்புத்தூரில் மினர்வா பஞ்சாபிடம் முதலில் ஒரு கோல் வாங்கி, பிறகு 3-1 என்று ஜெயித்தார்கள். அந்த ஆட்டம் மாறிப் போயிருந்தால், சீசன் முழுக்க நவாஸ் செய்த வேலையின் தரம் குறைந்துவிடுமா? குறையாது. அதனால்தான் விருதுக்கான ஓட்டை இறுதிப் போட்டிக்கு முன்பே வாங்கி, கவரை ஒட்டி வைத்துவிட வேண்டும் என்கிறேன். லீக் சுற்று முடிந்த அன்று மாலையே வாங்குங்கள். ஃபைனல் முடிந்து மேளச் சத்தத்துக்கு நடுவே வாங்கும் ஓட்டு அந்த ஒரு ஆட்டத்துக்கு விழும் ஓட்டு.

பலனை வைத்து முடிவை எடைபோடுவது ஏன் ஏமாற்றும் என்பதற்கு, அப்போது செல்சி கோச்சாக இருந்த தாமஸ் துகெலின் கீப்பர் மாற்றத்தைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. 2021 ஆகஸ்டில் பெல்ஃபாஸ்டில் வியாரியலுக்கு எதிரான சூப்பர் கப். கூடுதல் நேரம் முடியும் தறுவாயில் செல்சி கீப்பர் மெண்டியை எடுத்துவிட்டு, பெனால்டிக்காகவே கெப்பாவை இறக்கினார் துகெல். கெப்பா இரண்டைத் தடுத்தார், கோப்பை வந்தது, எல்லோரும் மூளைக்காரர் என்றார்கள். ஆறே மாதம் கழித்து வெம்ப்ளியில் லிவர்பூலுக்கு எதிரான லீக் கப் இறுதி. அதே கோச், அதே கீப்பர், அதே மாற்றம். லிவர்பூல் அடித்த 11 பெனால்டியும் உள்ளே போயின. கடைசியில் கெப்பாவே அடித்த பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது. 11-10. உடனே முட்டாள்தனம் என்றார்கள். என் கணக்கில் இரண்டு இரவும் ஒரே முடிவு, இரண்டும் சரி. பெனால்டி தடுப்பதில் கைதேர்ந்தவர் என்று நம்பிய ஒருவரை, அந்த வேலைக்கு மட்டும் அனுப்பினார்.

யூரோ 2020 இறுதியில் இங்கிலாந்து கோச் சவுத்கேட் செய்ததும் பார்வைக்கு இதே மாதிரிதான். ஆனால் நான் அதைத் தப்பு என்பேன். ராஷ்ஃபோர்டையும் சாஞ்சோவையும் கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடங்களில் இறக்கினார். உடம்பு சூடாகவில்லை, பந்து காலில் பட்டதே அபூர்வம், நேராகப் பெனால்டிப் புள்ளிக்கு நடந்தார்கள். இருவருமே தவறவிட்டார்கள். கீப்பருக்கு முதல் பந்தே அவர் வேலை. அடிப்பவருக்கு அப்படி இல்லை, ஆட்டத்தோடு கால் பழகியிருக்க வேண்டும். பத்து நிமிடம் முன்னால் இறக்கியிருந்தால் நான் குறை சொல்ல மாட்டேன்.

நான் வைக்கும் சோதனை இதுதான்: பலன் தெரியும் முன்பே அந்தக் குறையைச் சொல்லியிருக்க முடியுமா? 2021 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் மான்செஸ்டர் சிட்டி கோச் கார்டியோலா ரோட்ரியையும் ஃபெர்னாண்டினோவையும் பெஞ்சில் உட்கார வைத்தார். தடுப்பு மிட்ஃபீல்டரே இல்லாமல் ஆரம்பித்து, செல்சியிடம் 1-0 என்று தோற்றார். அணிப் பட்டியல் வெளியான உடனேயே பலர் புருவம் உயர்த்தினார்கள். அது முடிவின் மேலேயே உள்ள குறை.

இதை உங்கள் லீகில் செய்ய ஒரு தாள் போதும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரண்டு அணியையும் சேராத ஒருவர், பி.இ.டி. வாத்தியாராக இருந்தால் இன்னும் நல்லது, இதைக் குறிக்க வேண்டும்: இறங்கிய பதினோரு பேர், எந்த அமைப்பு, ஒவ்வொரு சப்பும் (மாற்று வீரர்) எந்த நிமிடம், அப்போது ஸ்கோர் என்ன, காரணம் காயமா, கார்டா, திட்டமா, அடுத்த 15 நிமிடத்தில் என்ன நடந்தது. ஐந்து சப் விதியை வைத்திருந்தால், இடைவேளையைத் தவிர ஆட்டத்தை நிறுத்தி மாற்ற மூன்று வாய்ப்புதான். அதை முதல் பாதியிலேயே வீணடிக்கும் கோச்சைத் தாள் காட்டிக்கொடுக்கும். ரோலிங் சப் (வெளியே போனவர் திரும்ப வரலாம்) என்றால் இந்தக் கணக்கு குழம்பும். நேரத்தை மட்டுமாவது எழுதுங்கள்.

வெயிலையும் எழுத வேண்டும். சித்திரையில் 4 மணிக்குச் செம்மண் மைதானத்தில் முதல் அரை மணி நேரம் முழுக்க மேலேறி அழுத்தி ஆடச் சொன்ன கோச்சுக்குக் கடைசி 20 நிமிடத்தில் கால்கள் இருக்காது. தண்ணீர் இடைவேளையை வெறும் தண்ணீருக்கு விடுகிறாரா, மூன்று நிமிடத்தில் அமைப்பை மாற்றுகிறாரா என்பதில் கோச்சின் தரம் பளிச்சென்று தெரியும். முத்துமாரியம்மன் கோயில் மாசி-பங்குனித் திருவிழா நாட்களில் பாதி அணி பால்குடத்துக்குப் போயிருக்கும். அன்று எத்தனை முக்கிய ஆட்கள் இல்லை என்ற ஒரு வரி தாளில் இல்லாவிட்டால், பள்ளத்தூர் கோச் வாங்கிய 1-1 டிராவின் மதிப்பு யாருக்கும் புரியாது.

ஓட்டு முறைக்கு வருவோம். எட்டு கோச், எட்டு கேப்டன், லீகின் நடுவர்கள். ஆளுக்கு மூன்று பெயர், 5-3-1 புள்ளி, தன் அணிக்கு ஓட்டு கிடையாது. வழக்கமாக இது எங்கே உடையும் என்றால், இரண்டு அணிகள் தங்களுக்குள் பேசி மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளும். அல்லது போட்டிக்கு இருக்கும் ஆளை வேண்டுமென்றே மூன்று பேரிலும் சேர்க்காமல் விடுவார்கள். ரகசிய ஓட்டுதான் இதற்கு இடம் கொடுக்கிறது. ஃபிஃபா தன் விருதில் எந்த நாட்டுக் கேப்டன், எந்தக் கோச் யாருக்குப் போட்டார் என்று வெளியிடுகிறது. நீங்களும் கையெழுத்தோடு வாங்கி, மேடையில் படியுங்கள். வெட்கம் பாதி வேலையைச் செய்யும். நடுவர்களின் ஓட்டுக்கு இரட்டை மதிப்பு கொடுத்தால் மீதி சரியாகும்.

சிறந்த வீரர் விருதில் கோல் அடித்தவர் பக்கமே எல்லோரும் சாய்வார்கள். உலகின் சிறந்த வீரருக்கான பாலன் டி'ஓர் விருதின் வரலாற்றிலேயே ஆண்களில் அதை வென்ற ஒரே கீப்பர் 1963இல் லெவ் யாஷின். கடைசியாக வென்ற டிஃபெண்டர் 2006இல் கன்னவாரோ. 2024இல் தடுப்பு மிட்ஃபீல்டர் ரோட்ரி வென்றதற்கே எவ்வளவு கூச்சல்! அதனால் கீப்பருக்குத் தனி விருது வையுங்கள், ஆனால் கிளீன் ஷீட்டை (கோலே வாங்காத ஆட்டம்) மட்டும் எண்ணாதீர்கள். பலமான டிஃபென்ஸ் முன்னால் நின்றால் கீப்பர் பந்தைத் தொடாமலே கிளீன் ஷீட் வாங்கலாம். கோலை நோக்கி வந்த ஷாட் எத்தனை, தடுத்தது எத்தனை என்று தாளில் இரண்டு கட்டம் சேர்த்தால் போதும். அதிக கோலுக்கும் சமநிலை விதியை முன்பே எழுதுங்கள். 2019-20 ஐ.எஸ்.எல்.லில் வால்ஸ்கிஸ், ஒக்பெச்சே, ராய் கிருஷ்ணா மூவரும் 15 கோல். பெனால்டி இல்லாத கோல் அதிகம் யாருக்கு, அதிலும் சமம் என்றால் குறைந்த நிமிடம் ஆடியவர் யார் என்று வரிசை வைப்பேன்.

எட்டு அணி இரண்டு சுற்று ஆடினால் ஓர் அணிக்கு 14 ஆட்டம். விருதுக்குத் தகுதியாக வீரர் குறைந்தது 9 ஆட்டத்தில் இறங்கியிருக்க வேண்டும். நடுவில் வந்த கோச்சுக்கு 7 போதும், இல்லாவிட்டால் புலிஸ் மாதிரி ஆள் உங்கள் லீகில் வந்தாலும் விதியே அவரைத் தள்ளிவிடும். இத்தனையையும் ஃபிக்ஸ்சரோடு சேர்த்து அச்சடித்து, முதல் ஆட்டத்துக்கு முன் எட்டு கோச்சிடமும் கையெழுத்து வாங்குங்கள்.