மூன்று தீவுகளும் ஆறு ஆண்டுகளும்

அன்புள்ள ஐயா,

அரை சதுர கிலோமீட்டர்கூட இல்லாத வத்திக்கானுக்குத் தூதர்கள் எதற்கு? ஐ.நா.வில் அதற்கு ஏன் ஓர் இருக்கை? தென்னமெரிக்காவின் தென்கோடியில் சிலிக்கும் அர்ஜென்டினாவுக்கும் இடையே எழுந்த பீகிள் கால்வாய்த் தகராறில் போப்பாண்டவர் சமரசம் செய்ததைப் பெருமையாகச் சொல்கிறார்கள். மூன்று தீவுகளுக்கு ஆறு ஆண்டுகள் பேசியது வெற்றியா?

எம்.

அன்புள்ள எம்.,

முதல் இரண்டையும் ஒதுக்கிவிடுகிறேன். 180-க்கும் மேற்பட்ட நாடுகள் விரும்பித்தான் அந்தத் தூதர்களை ஏற்றிருக்கின்றன, ஐ.நா.வில் இருப்பது வாக்குரிமை இல்லாத பார்வையாளர் இடம்.

மூன்றாவது, சில வாரங்களாக எனக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கும் கேள்வி. ஆனால் ஆறு ஆண்டுகள் என்று நீங்கள் சலித்துக்கொண்ட விதம், மன்னிக்க வேண்டும், எரிச்சலூட்டியது. அதற்கு முன், பிரிட்டிஷ் அரசியின் பெயரால் அமைந்த நடுவர் மன்றமும் 1971 தொடங்கி 1977 வரை ஆறு ஆண்டுகள் எடுத்துக்கொண்டுதான் பிக்டன், லெனாக்ஸ், நுவேவா தீவுகளைச் சிலிக்குக் கொடுத்தது. முறையான தீர்ப்பு. அர்ஜென்டினா செல்லாது என்றது. 1978 டிசம்பர் 22-இல் படையெடுக்க நாளும் குறித்தது. கப்பல்கள் கடலில் நின்றிருந்த அந்த நேரத்தில்தான், பதவிக்கு வந்து இரண்டே மாதமான போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால், 73 வயது கர்தினால் அந்தோனியோ சமோரேயை அனுப்ப முன்வந்தார். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் புவனோஸ் அய்ரெஸில் இறங்கிய அந்தப் பெரியவர் இரு தலைநகரங்களுக்கும் மாறி மாறிப் பறந்து, ஜனவரி 8 அன்று உருகுவேயின் மான்டிவிடியோவில் கையெழுத்து வாங்கிய ஆவணத்தில், தீவுகள் யாருக்கு என்ற பேச்சே இல்லை. படைபலத்தை நாட மாட்டோம், சமரசத்துக்கு உட்படுகிறோம், அவ்வளவுதான்.

பிறகு இழுபறி. 1980-இல் போப்பாண்டவர் தந்த யோசனையைச் சிலி ஏற்றது, அர்ஜென்டினா பிடிகொடுக்கவில்லை. வத்திக்கான் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடவில்லை. நீங்கள் வீண் என்று தள்ளும் அந்த ஆண்டுகளில்தான் அர்ஜென்டினாவை ஆண்ட தளபதிகள் மால்வினாஸ் (ஃபாக்லாந்து) போரில் பிரிட்டனிடம் தோற்று, 1983-இல் ஆட்சியையும் இழந்தார்கள். அடுத்து வந்த அதிபர் அல்ஃபோன்சின், உடன்படிக்கையை ஏற்கலாமா என்று 1984 நவம்பரில் வாக்கெடுப்பு நடத்தி மக்களையே கேட்டார். ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சம்மதித்தார்கள். நான்கே நாளில் வத்திக்கானில் உடன்படிக்கை கையெழுத்தானது. கடல் எல்லையில் அர்ஜென்டினாவுக்குச் சற்று விட்டுக்கொடுத்ததைத் தவிர, தீவுகள் 1977-இல் சொன்னபடியே சிலிக்குத்தான் போயின. அதைத் தாங்கிக்கொள்ளக்கூடிய அர்ஜென்டினா ஒன்று உருவாகும்வரை யாராவது பொறுமையாக உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது.

இரண்டுமே கத்தோலிக்க நாடுகள் என்பதையும், போப்பாண்டவரிடம் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல அந்தத் தளபதிகளுக்கு வாய் வராது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வேறெங்கும் இது எடுபடும் என்று நான் சொல்ல வரவில்லை.

சமோரே 1983 பிப்ரவரியில் இறந்தார். உடன்படிக்கைக்கு இன்னும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இருந்தன. உங்கள் கணக்கில் அவர் தோற்றவர்தான்.